கிருஷ்ணகிரிக்கு ஒரு தொழில் விவரத் தளம்: ஜியோடைரக்டரியில் யாரிடம், எதற்குக் காசு வாங்கலாம்?

மாங்கூழ் ஆலை, சந்தூர் பக்கத்து மாங்கன்று நர்சரி, ஓசூர் சிஎன்சி பட்டறை எல்லாம் ஒரே தளத்தில் வர வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் (இணையதளம் கட்டும் மென்பொருள்) பிளகின்களில், அதாவது அதோடு சேர்க்கும் நிரல்களில், ஜியோடைரக்டரியைத் தாராளமாக எடுக்கலாம். அடிப்படைப் பிளகின் இலவசம், ஆனால் ஒரே ஊருக்குத்தான். ஓசூர், தர்மபுரி என ஊர்வாரியாகப் பிரிக்க லொகேஷன் மேனேஜர், கட்டணம் வசூலிக்க பிரைசிங் மேனேஜர் என்று ஆட்-ஆன்களை (பிளகினோடு சேரும் கூடுதல் பகுதிகளை) விலைக்கு வாங்க வேண்டும். மேப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போதும். கூகுள் மேப் பில்லிங் கணக்கோடு ஏபிஐ கீ (மேப்பைத் தளத்தில் காட்ட கூகுள் தரும் குறியீடு) கேட்கும்.

கொடுக்கிற காசுக்கு முழுசாக உழைப்பது பிரைசிங் மேனேஜர்தான். எந்த விவரம் தெரியணும், எத்தனை படம், எத்தனை வகை (உரம், நர்சரி மாதிரியான தொழில் பிரிவு), எத்தனை நாள் என்று பேக்கேஜ்வாரியாக வரையறுக்கலாம். இந்த வசதி கையில் இருப்பதாலேயே இலவசப் பேக்கேஜில் போன் நம்பரை மறைத்துவிடாதீர்கள். நம்பர் கிடைக்காத தளத்துக்குக் கன்று வாங்குபவர் மறுபடி வரமாட்டார்; அவர் வராத இடத்தில் நர்சரிக்காரர் எதற்குப் பணம் கட்டப் போகிறார்? பெயர், ஊர், நம்பர், 1 படம், 1 வகை இலவசமாக இருக்கட்டும். 10 படம், 3 வகை, ரகவாரி விலை, பட்டியலில் மேலிடம் ஆகியவற்றுக்குக் கட்டணம் வையுங்கள். வகைக்கு வரம்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கடை உரம், சொட்டுநீர், நர்சரி என எல்லாப் பக்கத்திலும் வந்து நிற்கும், தேடுபவர் சலித்துப்போவார்.

மாதச் சந்தா இந்த ஊருக்கு ஒத்துவராது. கூழ் ஆலைகளுக்கு மே முதல் ஜூலை வரைதான் பரபரப்பு, கன்று நடவுக்கு ஜூலை முதல் டிசம்பர். சீசன் முடிந்ததும் சந்தாவை நிறுத்துவார்கள். தானாகப் பணம் எடுக்கும் முறையில் ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் போகும். ரத்து செய்ய அந்த மெசேஜே போதும். வருஷத்துக்கு ரூ.999 என ஒரே தடவையில் வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் பணம் வாங்கும் பிளகின்) வழியாக வாங்குங்கள். கேட்வே (ஆன்லைனில் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) 2% எடுத்தால், அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் சேர்த்து ரூ.23.58 போகும், கைக்கு ரூ.975.42 வரும்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பேக்கேஜின் கெடு முடிந்தபின் என்ன நடக்கும் என்ற செட்டிங். அதை டிராஃப்ட் (வெளியிடாத வரைவு) என்று வைத்தால் பக்கமே மறைந்துபோகும். கூகுளிலிருந்து வருபவருக்கு 404 (பக்கம் இல்லை என்ற பிழை), வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்கும் வீண். அங்கே இலவசப் பேக்கேஜுக்கு டவுன்கிரேட் ஆகும்படி வையுங்கள். பக்கமும் நம்பரும் நிற்கும், கூடுதல் படம், மேலிடம் மாதிரியான கட்டண வசதிகள் மட்டும் போகும். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலைக் கெடுவுக்கு முன்பே போகும்படி போட்டாலும், இங்கே பலர் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 'இது என் கடை' என்று உரிமை கோருபவரையும் பெயர்ப்பலகையில் உள்ள நம்பருக்கு அழைத்துச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

லொகேஷன் மேனேஜர், பிரைசிங் மேனேஜர் இரண்டும் பார்வையாளரிடம் கட்டணம் வாங்க உதவாது. அதற்கு பெய்டு மெம்பர்ஷிப்ஸ் புரோ மாதிரி தனிப் பிளகின் வேண்டும். பெங்களூரா மாங்காயின் அன்றைய கொள்முதல் விலையை மட்டும் காசு கட்டினால்தான் தெரியும் என்று பூட்டாதீர்கள், விவசாயி தளத்துக்கு வருவதே அதற்காகத்தான். வெளியூர் மொத்த வியாபாரிக்கான ஆலை வாரியான கொள்ளளவு, பேக்கிங் விவரங்களைப் பூட்டலாம். அதையும் பிடிஎஃப்-ஆகப் போடாமல் பக்கத்திலேயே எழுதுங்கள்: பூட்டு பக்கத்துக்குத்தான், அப்லோட்ஸ் ஃபோல்டரில் (தளத்தில் ஏற்றிய ஃபைல்கள் சேரும் இடம்) கிடக்கும் ஃபைலை நேரடி லிங்க் தெரிந்த யாரும் திறந்துவிடலாம்.