மணலா, பெண்டோனைட்டா, மரத்தூள் உருண்டையா: குட்டிக்கு எது தோது?

பூனைக்குட்டி வருகிறது என்றதும் வீட்டில் பேச்செல்லாம் பால் கிண்ணம், படுக்கை, பேர் பற்றித்தான். (பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும்.) ஆனால் முதல் வாரம் நிம்மதியாகத் தூங்குவீர்களா என்பது கக்கா டிரேயில்தான் இருக்கிறது. எங்கள் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் பிறந்த குட்டியை எட்டு வார வயதில் மேலே தூக்கி வந்தோம். மணல், பெண்டோனைட், மரத்தூள் உருண்டை மூன்றையும் டிரேயில் போட்டுப் பார்த்தாயிற்று.

பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் மணலுக்குச் செலவே இல்லை. சலித்து, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் போதும். தெருவில் பிறந்த குட்டிக்கு அது பழகின இடம். டிரேயில் விட்டோம், மோந்தது, முன்காலால் குழி பறித்தது, உட்கார்ந்தது, மூடியது. சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லை. தொல்லை மூத்திரம்தான். மணல் உறிஞ்சாது, ஈரம் அடியில் தேங்கிவிடும். மூன்றாம் நாள் வாசற்கதவைத் திறக்கும்போதே நாற்றம் வரவேற்கும். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மணலும் சாம்பலும்தான். 1947இல் மிச்சிகனில் எட் லோ என்பவர் முல்தானி மட்டி வகைக் களிமண்ணைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கொடுத்ததில் தொடங்கியது, பூனை டிரேக்கென்றே மண் விற்கும் வியாபாரம்.

கடையில் ‘கேட் லிட்டர்’ என்று கிலோக்கணக்கில் விற்பது பெரும்பாலும் பெண்டோனைட் என்கிற களிமண். நனைந்த இடம் மட்டும் கட்டியாகிவிடும். கரண்டியால் அள்ளினால் மீதி சுத்தம். நாற்றத்தை அடக்குவதில் இதை அடிக்க ஆளில்லை. ஆனாலும் சின்னக் குட்டிக்கு நான் போடமாட்டேன். போட்ட அன்றே எங்கள் குட்டி ஈரக்காலோடு மிதித்துவிட்டு, விரலிடுக்கில் சிமெண்ட் மாதிரி ஒட்டியதை உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் உப்புகிற மண் அது. எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதில் நிறைய உள்ளே போனால் குடலை அடைத்துவிடலாம். மூன்று நான்கு மாதம் ஆகட்டும். அள்ளியதை டாய்லெட்டிலும் கொட்டாதீர்கள், குழாயிலும் இதே கதைதான்.

மரத்தூள் உருண்டை எடை குறைவு, புழுதியும் குறைவு. நனைந்தால் தூளாக உதிரும். சரக்கில் குறையில்லை. எங்கள் குட்டிதான் காலடியில் உருண்டை உருள்வதைக் கண்டு மிரண்டு, நேராக மிதியடியில் போய் இருந்துவிட்டது.

ஆகவே என் ஓட்டு: முதலில் மணல், நான்காம் மாதத்திலிருந்து அதில் ஒரு பிடி பெண்டோனைட் கலந்து வாரம் வாரம் கூட்டிக்கொண்டே போவது. எதைப் போட்டாலும் டிரேயின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும், சாப்பாட்டுக் கிண்ணம் தள்ளி இருக்கட்டும். கழுவ சோப்பும் வெந்நீரும் போதும். பினாயில் கிட்டவே வரக்கூடாது. அதிலுள்ள பீனாலைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது.

இத்தனையும் முடித்தபின் குட்டி தானாகக் கண்டுபிடித்த நான்காவது வழி, பால்கனித் துளசித் தொட்டி. இப்போது அதில் மண் தெரியாமல் கூழாங்கல் பரப்பியிருக்கிறோம். அம்மா இன்னும் சமாதானமாகவில்லை.