அப்பாயி பேச்சா, பெட்டித் தாளா?

இலங்கை மலையகத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களின் வரலாறு எழுத உட்காருகிறவருக்கு இரண்டு வழி இருக்கிறது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெரியவர்களைப் பேச வைத்து எழுதலாம். அல்லது தகரப் பெட்டியில் கிடக்கும் தாள்களிலிருந்து தொடங்கலாம். படித்த பிள்ளைகளுக்குத் தாளில்தான் நம்பிக்கை. நான் பேச்சின் பக்கம்.

தாளின் பலம் தெரியாமல் சொல்லவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தாத்தா கொடுத்த மனுவின் பிரதி கிடைத்தால் அது புதையல்தான். ஆனால் அந்தச் சட்டம் கேட்டது எதை? 1946 ஜனவரி 1க்கு முன்னால், மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் விடாமல் இந்த நாட்டில் இருந்ததற்கு ஆதாரத்தை. நடுவில் திருச்சிப் பக்கம் போய் நெடுநாள் தங்கியவர் அதை அந்த மனுவில் எழுதியிருப்பாரா? தாளில் இல்லாததால் அவர் போகவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அந்தப் பயணத்தை அப்பாயிதான் சொல்வார்.

செக்ரோலும், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேடும், அப்படித்தான். வேலைநாள், சம்பளம், பிடித்த காசு எல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் கிளாக்கர் காதில் விழுந்தபடி. வீட்டில் ஒரு பெயர், பிரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) கூப்பிட்ட பெயர் வேறு. எந்தத் தோட்டம், எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு), எந்தப் பெயரில் பதிவு என்று தெரியாமல் கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு)ப் போய் எதைத் தேடுவது? அதற்கும் முதலில் பேச்சு வேண்டும்.

பேச்சுக்கும் நோய் உண்டு. வருடம் நிற்காது. "எந்த வருசம் அப்பாயி?" என்று கேட்டால் பதில் வராது. "பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள்ள போனதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், உடனே வரும். அந்த டவுனை மூழ்கடித்த மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் கடைசியில் நிரம்பியது; கல்யாணத்தையும் சாவையும் அதை வைத்தே வரிசைப்படுத்தலாம். இன்னொரு நோய் பெருமை. கேட்கிற வீட்டிலெல்லாம் பூட்டன் பெரிய கங்காணி, அதாவது ஆட்களைக் கூட்டி வந்து வேலை வாங்கியவர். அத்தனை பேரும் கங்காணி என்றால் கொழுந்து எடுத்தது யாரோ! சாதி, கடன், இரண்டாம் தாரம் இதெல்லாம் பேச்சில் வழுக்கிக்கொண்டு போகும்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

தாள் தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாத மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. ஒப்பாரிக் கோச்சியில் (இந்தியா போகிறவர்களை அழுகையோடு ஏற்றிச் சென்ற ரயிலில்) ஏறிப் போன அண்ணன், தம்பியைப் பற்றி அழுகை நினைவிருக்கும், தேதி இருக்காது. தேதி பாஸ்போர்ட்டில் இருக்கிறது, பாஸ்போர்ட்டோ போனவர்களோடு போய்விட்டது. கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துச் சொந்தத்தை வாட்ஸ்அப்பில் பிடித்து, முத்திரை குத்திய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தாளும் பேச்சும் முட்டினால் ஒன்றை வெட்டி மற்றதை நேராக்காதீர்கள். இரண்டையும் எழுதி, யார் சொன்னது, எந்தத் தாள் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.