அந்த உருண்டைகள் இறந்த தோல் அல்ல

தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருச்சியில் ஒரு பார்லருக்குப் போனேன். கன்னத்தில் ஏதோ ஜெல்லைப் பூசி விரலால் தேய்த்தார் அங்கிருந்த பெண். சில நொடிகளில் அழுக்கு வெள்ளையாகத் திரிதிரியாக உருண்டு விழுந்தது. "பாருங்கக்கா, எவ்வளவு டெட் ஸ்கின்! எக்ஸ்ஃபோலியேட்டரே போட்டதில்லையா?" என்றார். இறந்த தோலை நீக்கும் பொருளைத்தான் அப்படிச் சொன்னார். கூசிப்போனேன். ஆறு சிட்டிங்குக்கு 4,500 ரூபாயை அங்கேயே கட்டினேன். அந்த ஜெல்லிலும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் மகள் அதை எவர்சில்வர் தட்டில் தேய்த்தாள். அதே திரி, அதே உருண்டை. தட்டுக்கு ஏது தோல்?

பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். கார்போமர், ஸ்டியர்ட்ரிமோனியம் குளோரைடு என்று இருந்தது. முதலாவது, ஜெல்லைக் கெட்டியாக்கும் பொருள். இரண்டாவது, முடிக்குப் போடும் கண்டிஷனரில் வருவது. இரண்டும் எதிரெதிர் மின்னூட்டம் உள்ளவை. தேய்க்கத் தேய்க்க ஒன்றையொன்று பிடித்துத் திரண்டுவிடும். தோலிலிருந்து ஏதோ கொஞ்சம் அதில் ஒட்டி வரலாம். ஆனால் நமக்குக் காட்டுகிற அந்தக் குவியல் பெரும்பாலும் ஜெல்தான்.

இதற்குள் இரண்டாவது சிட்டிங்கும் முடிந்திருந்தது. அன்று ஜெல்லுக்குப் பிறகு வால்நட் ஓட்டுத்தூள் ஸ்க்ரப், அதற்கு மேல் "ஃப்ரூட் ஆசிட்" என்று ஒன்று. எத்தனை சதவீதம் என்று கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. மறுநாள் தண்ணீர் பட்டாலே கன்னம் எரிந்தது, பிறகு கருத்துப்போனது. தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் மட்டும் கொடுத்தார். மாநிறத் தோலில் இப்படிப் புண்படுத்தினால் கருமை போக மாதக்கணக்கில் ஆகுமாம். கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் அந்தத் திட்டு இருக்கிறது.

அந்த மருத்துவர் சொன்ன இன்னொரு விஷயமும் மனதில் நிற்கிறது. எக்ஸ்ஃபோலியேட் என்ற சொல் இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலையை உதிர்ப்பது என்று பொருள். மரத்தைப் போலத் தோலும் பழையதைத் தானே உதிர்க்கிறது, மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். கிளைகோலிக், லாக்டிக், சாலிசிலிக் அமிலங்கள் அந்த உதிர்வைக் கொஞ்சம் தூண்டுபவை, அவ்வளவுதான். அவற்றில் ஒன்று, குறைந்த அளவில், வாரம் ஓரிரு முறை போதும். பகலில் சன்ஸ்க்ரீன் கட்டாயம்.

பார்லரில் உருண்டையைக் காட்டினால், அதே ஜெல்லை அங்கிருக்கும் கண்ணாடியில் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மீதி நான்கு சிட்டிங்குக்கான 3,000 ரூபாயை நான் மூன்று முறை கேட்டுவிட்டேன். இன்னும் தரவில்லை.