மரவேலைக்கு எந்த கிளாம்ப் நம்பகமானது: பல வருடம் இறுக்கிப் பார்த்த அனுபவம்

மரத்துண்டுகளைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கப் போகும் பலரும் முதலில் கேட்பது எத்தனை இன்ச் என்றுதான். வீட்டுப் பட்டறையில் மேசை, அலமாரி, ஸ்டூல் என்று பல வருடமாகச் செய்து வருகிறேன். என்னைக் கேட்டால், நீளத்துக்கு முன்னால் தண்டின் கனத்தையும் திருகின் மரையையும் பாருங்கள் என்பேன்.

என் கையில் அதிகம் புழங்குவது எஃப் கிளாம்ப்: ஒரு தண்டு, அதன் முனையில் நிலையான ஒரு கை, தண்டில் நகரும் திருகு வைத்த இன்னொரு கை. அதில் நகரும் கையைத் தண்டோடு பூட்டத் தனியாக ஒன்றும் கிடையாது. திருகை இறுக்கும்போது கை லேசாகச் சாய்ந்து தண்டைக் கவ்வும். அந்த உராய்வுதான் மொத்தப் பிடியும். அதனால் தண்டின் ஓரத்தில் உள்ள பல்வெட்டு மழுங்காமல் இருக்க வேண்டும். எண்ணெய் மரைக்கு மட்டும்தான், தண்டில் படவே கூடாது. ஆரம்பத்தில் வாங்கிய மலிவான செட்டில் தண்டு மெல்லிசு. பலமாக இறுக்கினால் வில்லாக வளைந்து, வாய் விரிந்து, பலகையை ஒரு பக்கம் தூக்கிவிடும். போகப்போக நகரும் கையும் தண்டில் வழுக்க ஆரம்பித்தது. இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு மரத்துண்டைக் கவ்வி நன்றாக இறுக்குங்கள். தண்டு வளைகிறதா, முனையில் உள்ள சுழல் தட்டு கழன்று வருகிறதா என்று பாருங்கள். மரை கூர்மையாக, நெருக்கமாக இல்லாமல், தடித்துத் தட்டையாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

ஜி எழுத்துப் போல வளைந்த ஜி கிளாம்பில் வார்ப்பிரும்பு விலை குறைவு. ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஃபோர்ஜிங் செய்தது, அதாவது சூடாக்கி அடித்து உருவாக்கியது, முதலில் வளைந்து காட்டும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

1889இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய பெஸ்ஸி நிறுவனத்தின் பேரலல் கிளாம்ப் அருமையானது. இறுக்கும்போதும் இரண்டு வாய்களும் நேராகவே நிற்பதால், அலமாரிப் பெட்டி மூலைமட்டம் மாறாமல் ஒட்டும். விலைதான் கையைக் கடிக்கும். பெட்டி வேலை அடிக்கடி வராதவருக்கு அவசரமில்லை.

என் மனதுக்குப் பிடித்தது பைப் கிளாம்ப். திருகு உள்ள தலையையும் பைப்பில் நகரும் வாலையும் மட்டும் வாங்கினால் போதும், பைப்பை நம் ஊர் பிளம்பிங் கடையிலேயே வாங்கலாம். 3/4 இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் கேளுங்கள். மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ் சுவர் மெல்லிசு, சீக்கிரம் வளையும். முனையில் மரை போட்டே தருவார்கள். வெளிநாட்டுத் தலைகளின் மரை அமெரிக்க அளவு, நம் பைப்பில் பிரிட்டிஷ் அளவு. ஆனாலும் 3/4 இன்ச்சில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், மரையின் கோணத்தில்தான் முக்கிய வித்தியாசம். எனக்கு நன்றாகவே ஏறி உட்கார்ந்தது. நீளம் போதவில்லையா, ஒரு சாக்கெட் போட்டு இன்னொரு பைப்பை இணைத்துக்கொள்ளலாம். மேசைப் பலகை ஒட்டும்போது ஒன்றை மேலே, அடுத்ததைக் கீழே என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் பலகை வளையும்.

விசையை அழுத்தி இறுக்கும் ஒற்றைக்கை கிளாம்ப், துண்டை இடத்தில் நிறுத்திப் பிடிக்க மட்டும் நல்லது. பசை காயும்வரை தேவைப்படும் அழுத்தம் அதில் வராது.

எத்தனை வேண்டும் என்பது பலகையின் அகலத்தைப் பொறுத்தது. கிளாம்பின் அழுத்தம் மரத்துக்குள் ஏறக்குறைய 45 டிகிரியில் விரிந்து இறங்கும். அகலப் பலகைகளைச் சேர்த்தால் கிளாம்புகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். குறுகிய ரீப்பர் என்றால் நெருக்கமாக வேண்டும், அல்லது ஓரத்தில் கனமான ஒரு கட்டை வைத்து இறுக்க வேண்டும். அப்புறம், ஈரப் பசையும் இரும்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள மரத்தில் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும், இழைத்தாலும் லேசில் போகாது. நடுவில் ஒரு பாலிதீன் துண்டு வைத்தால் கறை விழாது, தண்டில் பசையும் ஒட்டாது. மீறி ஒட்டிய பசையை அன்றைக்கே சுரண்டிவிடுங்கள்; காய்ந்து கெட்டியானால் நகரும் கை அங்கேயே சிக்கி நிற்கும்.