ஃபைல் ஒழுங்குக்காகவே ரீப்பர் வாங்கலாம்

ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளைப் பற்றி யார் பேசினாலும் பிளகின், எஃபெக்ட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தோற்றம் சுமார், அதை விட்டுவிடுவோம். மாடி அறையில் கர்நாடகப் பாட்டு பதிவு செய்கிற எனக்கு அதில் பிடித்தது, ஃபைல்களை அது வைத்துக்கொள்கிற விதம்.

குரலுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் (வலது முகம்) தொப்பிக்கும் (இடது முகம்) தனித்தனியே, அறைக்கு இரண்டு. மொத்தம் ஆறு டிராக். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜிபி தாண்டிவிடும். கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஐந்து மணி நேரத்துக்குக்கூட வராது. ரீப்பரில் நேரடியாக ஃபிளாக் என்கிற சுருக்கப்பட்ட ஒலி ஃபைலாகவே பதியலாம். அளவு நன்றாகச் சுருங்கும், தரம் இம்மியும் குறையாது.

சேவ் ஆஸ் கொடுத்தால் வரும் பெட்டியின் அடியில், புராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் போட ஒரு டிக், மீடியா எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுக்க இன்னொரு டிக். ரெக்கார்ட் பட்டனைத் தொடுமுன் முதல் டிக். வேலை முடிந்ததும் இரண்டாவதையும் போட்டு மறுபடி ஒரு சேவ் ஆஸ். எங்கிருந்தோ இழுத்துப் போட்ட தம்பூரா ஃபைலும் உள்ளே வந்துவிடும். அந்த ஒரு ஃபோல்டரைத் தூக்கி ஹார்டு டிஸ்கில் போட்டால் போதும்.

ரீப்பர் புராஜெக்டைச் சேமிக்கிற ஆர்.பி.பி. ஃபைல் வெறும் எழுத்து என்பது அடுத்த சௌகரியம். தெரிந்த வயலின்காரர் ஒருவர் மிக்ஸிங்குக்கென்று பென்டிரைவில் ஆர்.பி.பி.யை மட்டும் கொண்டுவந்தார். அதில் பாட்டு ஏது, ஒலி ஃபைல்கள் இருக்கும் விலாசம்தானே இருக்கும்! நோட்பேடில் திறந்தேன். அவர் வீட்டுக் கணினியின் டி டிரைவில் எந்த ஃபோல்டர் என்று வரிவரியாக இருந்தது. போனில் படித்துக் காட்டினேன், அவர் பெண் தேடி அனுப்பிவிட்டாள்.

குறைகளும் உண்டு. சாம்ப்ளர் பிளகின் வாசிக்கிற வாத்திய ஒலிகளின் லைப்ரரி சேவ் ஆஸ் நகலில் சேராது; அந்த டிராக்குகளை ஸ்டெம்மாக, அதாவது தனித்தனி ஒலி ஃபைலாக, ரெண்டர் செய்து அதே ஃபோல்டரில் வைப்பது நம் பொறுப்பு. பயன்படாத டேக்குகளை (பாடிப் பார்த்து ஒதுக்கிய பதிவுகளை) கழிக்க ஃபைல் மெனுவில் 'கிளீன் கரண்ட் புராஜெக்ட் டைரக்டரி' இருக்கிறது. இடம் நிறைய மிச்சமாகும்; ஆனால் ஒரே ஃபோல்டரில் இரண்டு மூன்று ஆர்.பி.பி. இருந்தால் பட்டியலைப் பார்க்காமல் அழிக்காதீர்கள். முந்தைய சேவின் நகலாக ரீப்பர் வைக்கிற ஆர்.பி.பி.-பேக் ஃபைலைப் பார்த்து பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அதில் எடிட் விவரம்தான், ஒலி கிடையாது. அதுவும் வழக்கமாக அதே டிஸ்கில்தான் கிடக்கும்.

60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். கெடு முடிந்தாலும் பூட்டிக்கொள்ளாது, திறக்கும்போது நினைவுபடுத்தும், அவ்வளவுதான். அதைச் சாக்காக வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நல்ல மைக் ஸ்டாண்ட் ஒன்று வாங்குகிற காசுதான், கட்டிவிடுங்கள்.