உலைக்குப் பூசிய குளத்துக் களி: ஆறு வருட அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் சின்னதாக ஒரு கொல்லுலை வைத்திருக்கிறேன். கத்தி, கோடாரி அடிப்பதும் தேய்ந்த மண்வெட்டிக்கு வாய் வைப்பதும்தான் வேலை. 2019இல் உலை கட்டியபோது ஊர்க் குளம் வற்றிக் கிடந்தது. அடியில் வெட்டிய களியோடு, பெரியப்பா சொன்னபடி ஆற்று மணலும் இரண்டு பிடி உப்பும் சேர்த்துப் பூசினேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. காயும்போதே வெடித்தது, அதைவிட மோசம் காற்றுக்குழாய் வாயடி: அங்கே மண் பாகு போல உருகி வழிந்து, கரிச்சாம்பலோடு சேர்ந்து கண்ணாடிக் கட்டியாக இறுகிவிடும். காலையில் கம்பியால் குத்தி அதை எடுத்த பிறகுதான் நெருப்பே மூட்டலாம்.

அந்த உப்பை யாரும் போடாதீர்கள். பசளை போட்டால் பயிர் வளர்வது மாதிரி, உப்பும் விறகுச் சாம்பலும் போட்டால் மண் சீக்கிரம் உருகும். எங்கள் களியில் இரும்பு அதிகம், சுட்டால் சிவப்பதும் அதனால்தான், 1100, 1200 பாகைக்கு மேலே அது நிற்காது. புளோவர் ஊதும் கரி நெருப்பு அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். மணலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 573 பாகையில் அது திடீரென்று பருக்கும், ஆறும்போது சுருங்கும். 2022 மின்வெட்டுக் காலத்தில் புளோவர் நின்று நின்று ஓடியபோது, மணல் கலந்து பூசியிருந்த பழைய வெளிக்கரை செதில் செதிலாகக் கழன்று விழுந்தது.

இரண்டாம் தடவை உடைந்த கூரை ஓடுகளை இடித்து, அரித்து, களிக்குச் சரிபாதி கலந்தேன். வெடிப்பு நின்றுவிட்டது, ஏற்கெனவே சுட்ட மண் திரும்பச் சுருங்காதே! ஆனால் உருகல் அப்படியே இருந்தது. ஓடும் அதே சிவப்பு மண்தானே. வெடிப்பு ஒரு வருத்தம், உருகல் வேறு வருத்தம், ஒரே மருந்தால் இரண்டும் மாறாது என்று எனக்கு விளங்க இரண்டு வருடம் போனது.

உருகலுக்குக் கேட்டது வெண்களி, அதாவது கயோலின். தெற்கே மீட்டியாகொட பக்கம் தோண்டுகிறார்கள். சுத்தமான கயோலின் 1700 பாகை தாண்டியும் உருகாது, சூடு தாங்கும் அலுமினா அதில் அவ்வளவு இருக்கிறது. வன்னிக்கு ஏற்றி வர விலை கூடத்தான், அதனால் உள்பூச்சுக்கு மட்டும் பாவித்தேன். இரண்டு பேணி கயோலின், பிடிப்புக்கு ஒரு பேணி குளத்துக் களி, உடைந்த பயர் பிறிக்ஸ் (நெருப்புத் தாங்கும் செங்கல்) இடித்த குறுணல் இரண்டு பேணி. களியை முதலில் கரைத்து வடித்துவிடுங்கள், நத்தை ஓடு கிடந்தால் வெந்து சுண்ணாம்பாகி, மாரி ஈரத்தில் பொங்கிச் சுவரைத் தள்ளும்.

உமி நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். நல்லது, ஆனால் வெளிப்பக்கத்துக்கு. எரிந்து போன இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாகி வெப்பத்தைப் பிடித்து வைக்கும், எனக்குச் சிரட்டைக் கரிச் செலவு நன்றாகக் குறைந்தது. உள்பக்கம் போட்டால் அந்த ஓட்டைகளுக்குள் உருகின சாம்பல் இறங்கி அரித்துவிடும்.

பூசிப் பத்து நாள் நிழலில் காயவிட்டு, பிறகு இரண்டு நாள் சின்ன நெருப்பு. அவசரப்பட்டு ஒரு தடவை முழுச் சுவரையும் இழந்தேன். 2021இல் பூசிய உள்சுவர் இன்றும் நிற்கிறது, குழாய் வாயடியில் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கை அளவு புதிதாக அப்புகிறேன்.