வேலூரில் ‘குளூட்டன் ஃப்ரீ’ மாவு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற சிறுதானியச் சப்பாத்தி மாவு, சத்துமாவு போன்றவற்றை வீட்டில் சீலியாக் நோயாளி இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் மகளுக்காக வாங்கிய அப்படி ஒரு மாவில் கோதுமை கலந்திருந்தது. நோயைச் சொல்லி, கேட்டு, உறுதி வாங்கிக்கொண்ட பிறகு விற்ற மாவு அது. தேறி வந்துகொண்டிருந்த பிள்ளை மறுபடி படுத்துவிட்டாள். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் விசாரித்துப் பார்த்ததில் இது ஒரு கடையோடு நிற்கிற விஷயமாகத் தெரியவில்லை.

இந்த நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு அது வயிற்றுக்குள் போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. எங்கள் மகளுக்கு வயிறு உப்பிக்கொண்டே இருந்தது, இரும்புச்சத்து டானிக் எவ்வளவு கொடுத்தும் ரத்தசோகை மாறவில்லை, வகுப்பிலேயே குள்ளமாக இருந்தாள். கடைசியில் டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோபி வழியாக எடுத்த குடல் சதைப் பரிசோதனையும் செய்துதான் கண்டுபிடித்தார்கள். இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து, அதுவும் ஆயுசு முழுக்க.

எவ்வளவு குறைந்த அளவு கெடுதல் செய்யும் என்பதைத்தான் கடைக்காரர்களுக்குப் புரிய வைக்க முடியவில்லை. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படுவதை ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சுமார் அரை கிராம் கோதுமை மாவில் அவ்வளவு இருக்கும். அதாவது ஒரு சிட்டிகை. சப்பாத்தி தேய்க்கும்போது பலகையில் தூவுகிற மாவே அதைவிட அதிகம்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் இந்த நோயோடு வாழ்வது அவ்வளவு கஷ்டம் இல்லை என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தோம். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கேவுரு (கேழ்வரகு) களி, ஆடி மாசத்துக் கூழ் எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. என் மாமியார் பேத்திக்காக மறுபடி கம்பு அடை, கேவுரு அடை தட்ட ஆரம்பித்தார். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் டப்பாவில் சப்பாத்தி குருமா இருக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். ஆற்காடு மக்கன் பேடாவைக்கூட விட்டுவிட்டாள், அதில் மைதா உண்டு என்று சொன்னதும் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. சப்பாத்தியை மட்டும் அவளால் விட முடியவில்லை. அதனால்தான் அந்த மாவைத் தேடிப் போனோம்.

கடை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, பாரம்பரிய அரிசி வகைகள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் நோயின் பெயரைச் சொன்னேன், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன், கோதுமைத் தூசி பட்டால்கூட ஆகாது என்றேன். “அக்கா, நம்பி வாங்கிட்டுப் போங்க. முழுக்க சிறுதானியம்தான். என் பிள்ளைங்களும் இதைத்தான் சாப்பிடறாங்க” என்றார் அந்தத் தம்பி. சாதாரண கோதுமை மாவைப் போல மூன்று மடங்கு விலை. மருந்து என்று நினைத்துக் கொடுத்தோம்.

மாவைப் பிசைந்த முதல் நாளே மாமியாருக்குச் சந்தேகம். “கேவுரு மாவு இப்படி இழுபடாதே, தேய்ச்சா விண்டு போகணுமே” என்றார். கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம். தண்ணீர் பட்டால் பசைபோல ஆகிற இசப்கோல் விதை உமி சேர்த்திருப்பதால் மாவு ஒட்டிக்கொள்ளும் என்று பதில் வந்தது. இசப்கோல் சேர்த்தால் சிறுதானிய மாவு ஓரளவு சேர்ந்து நிற்கும் என்பது உண்மைதான், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையோடு கலந்து சொல்கிற பொய்யை எப்படிப் பிடிப்பது?

வாரம் செல்லச் செல்ல வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வாய்ப்புண், சோர்வு, எதற்கெடுத்தாலும் அழுகை. பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வரும், போய் அழைத்து வருவோம். டிடிஜி பரிசோதனையில் இறங்கி வந்துகொண்டிருந்த அளவு திரும்ப ஏறியிருந்தது. உணவியல் நிபுணர் வீட்டில் வாங்குகிற ஒவ்வொரு பொருளையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பட்டியலில் புதிதாக வந்தது அந்த மாவு ஒன்றுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தோம், நீங்களும் செய்யலாம். ஒரு கைப்பிடி மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் வெள்ளையாகும், அதை மாற்றிக்கொண்டே இருங்கள். சிறுதானிய மாவாக இருந்தால் கரைந்து போய்விடும். கோதுமை இருந்தால் மாவுச்சத்து எல்லாம் போன பிறகு ரப்பர் போல இழுபடுகிற ஒரு கட்டி கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். எங்கள் கையில் நெல்லிக்காய் அளவுக்கு நின்றது. ஆனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: கட்டி நின்றால் கோதுமை இருப்பது நிச்சயம், நிற்கவில்லை என்றால் மாவு பாதுகாப்பானது என்று ஆகாது. சிட்டிகைக் கணக்கில் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும்.

கடைக்குப் போய்க் கேட்டபோது முதலில் மறுத்தார்கள். பிறகு உள்ளே இருந்து பெரியவர் ஒருவர் வந்து சொன்னார்: “கொஞ்சம் சம்பா கோதுமை சேர்ப்போம்மா. அது இல்லாம சப்பாத்தி எப்படி வரும்? அது நாட்டுக் கோதுமை, அது ஒண்ணும் பண்ணாது.” சம்பா கோதுமையிலும் குளூட்டன் இருக்கிறது. நாட்டு ரகம், பாரம்பரியம் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் கோதுமை கோதுமைதான். கேசரிக்குப் போடுகிற ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாமே அதில் சேர்த்தி. ஸ்டிக்கர் ஏன் ஒட்டினீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “உடம்பைக் குறைக்கிறவங்க அதைத்தானே சார் கேக்கறாங்க” என்றார்கள். என் பிள்ளையின் குடல் அவர்களுக்கு ஒரு வியாபார ஸ்டிக்கர். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மாவு அரைக்கிற மில்லுக்கும் போய்ப் பார்த்தோம். கோதுமை அரைத்து முடித்த அதே இயந்திரத்தில் அடுத்து கேவுரு போகிறது. “ஒரு படி போட்டு ஓட்டிட்டா பழசு போயிடும்மா” என்றார் மில்காரர். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லா மாவு மில்லிலும் நடப்பதுதான். ஆனால் சீலியாக் குழந்தைக்கு அது ஆகாது. கடைக்காரர் கோதுமையே சேர்க்காமல் இருந்திருந்தாலும் அந்த மில்லில் அரைத்த மாவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டிருக்கவே கூடாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளைத்தான் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று விற்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யாருடையது, என்ன பொருளுக்கு என்று தெரியும். எங்கள் பாக்கெட்டில் இருந்த எண்ணில் ஓர் இலக்கம் குறைவாக இருந்தது. தவறாக லேபிள் ஒட்டினால் 3 லட்சம் ரூபாய் வரையிலும், ஏமாற்றும்படி விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் போட 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்குகிறவரே பணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கவும் அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவு வழி தருகிறது. ஆனால் பரிசோதிக்கப் போகிறோம் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம், கடையில் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இந்த நோய் வடநாட்டுக்காரர்களுக்கு வருவது, நம் பக்கம் கிடையாது என்று எங்களிடம் பலர் சொன்னார்கள், படித்தவர்களும் சேர்த்துத்தான். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10 சதவீதம் என்று கண்டார்கள். குறைவுதான், ஆனால் ஆயிரத்தில் ஒருவர் என்றால் வேலூர் போன்ற ஊரில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு தெற்கிலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது, கோதுமை சாப்பிடுகிற அளவுதான் பெரிய வித்தியாசம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. சர்க்கரை நோய்க்குப் பயந்து வீட்டுக்கு வீடு ராத்திரியில் சப்பாத்தி சுடுகிற காலம் இது. இந்த நோய் நமக்கு இல்லை என்று இனி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இப்போது நாங்கள் மாவே வாங்குவதில்லை. தானியத்தை முழுசாக வாங்கி, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று பொறுக்கி, கழுவிக் காய வைத்து, வீட்டில் இதற்கென்றே வைத்திருக்கிற சின்ன இயந்திரத்தில் அரைக்கிறோம். பெருங்காயத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது: கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். லேபிளில் அரிசி மாவு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பெருங்காயமே வேண்டாம். ஓட்டல் சாம்பாரும் ரசமும் அதனாலேயே எங்களுக்கு ஆகாது. தோசையும் பரோட்டாவும் ஒரே கல்லில் வேகிற கடைகளில் தோசையும் ஆகாது. பார்லி மால்ட் சேர்த்த சத்துபானங்கள், சோயா சாஸ், பாக்கெட் சத்துமாவு எல்லாவற்றிலும் லேபிளின் கடைசி வரிவரை படியுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு சீலியாக் என்று தெரிந்தால் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வெளியில் ஒன்றும் தெரியாமலே நோய் உள்ளே இருக்கும். பரிசோதனைக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்திவிட்டால் முடிவு தப்பாக வரும்.

உங்கள் வீட்டிலும் இப்படி மாவு வாங்கிப் பிள்ளைக்கு உடம்பு கெட்டிருந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்ச மாவு, பில், லேபிள், பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் கொடுங்கள். ஒரே ஒரு குடும்பம் புகார் சொன்னால் ‘அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள்.